தலைக்கு இருநூறு பெசோ
'பிளட் மெரிடியன்' நாவலும் ஒரு விலைப்பட்டியலும்

காமிக்ஸ் படித்து வளர்ந்த நம்மில் பலருக்கு அமெரிக்க மேற்கு என்பது லயன், முத்து காமிக்ஸ் வழியாக வந்து சேர்ந்த நிலப்பரப்பு. டெக்ஸ் வில்லர், கேப்டன் டைகர், பாலைவனம், குதிரை, துப்பாக்கிப் புகை. டெக்ஸ் வில்லர் நவஹோக்களின் பக்கம் நிற்கிறவர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இருந்தாலும் அந்த வயதில் எனக்குள் பதிந்துபோன சித்திரம் வேறு: விழுந்து கிடக்கும் வெள்ளைக்காரனின் முடியைப் பற்றிக்கொண்டு கத்தியோடு குனியும் ஒரு 'செவ்விந்தியன்'. தலைத்தோலை உரிப்பவன் அவன்தான். கத்தி யார் கையில் என்பதில் எங்களுக்குச் சந்தேகமே வந்ததில்லை.

கோர்மாக் மெக்கார்த்தியின் 'பிளட் மெரிடியன்' (1985) அந்தக் கத்தியைக் கை மாற்றி வைக்கிறது. 1849, 50 ஆண்டுகளில் அமெரிக்க - மெக்சிகோ எல்லையில் பூர்வகுடிகளின் தலைத்தோலை உரித்து விற்றுப் பிழைத்த ஒரு கூலிக் கும்பலின் கதை இது. படிக்கச் சிரமமான புத்தகம். ஹெரால்ட் புளூம் போன்ற பெரிய விமர்சகரே, கொலைகளைத் தாங்க முடியாமல் முதல் இரண்டு தடவை பாதியில் வைத்துவிட்டேன் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார். பிறகு அவரே இதை உச்சியில் தூக்கி வைத்தார்.

சில மாதங்களுக்கு முன் நண்பர்கள் ஏழெட்டுப் பேர் கூடி இந்த நாவலைப் பற்றிப் பேசினோம். கடைசியில் ஒரு நண்பர் சொன்னார்: "மனுசன்னா இவ்வளவுதான் தோழர். அன்னிக்கும் இப்படித்தான், இன்னிக்கும் இப்படித்தான். இதுக்கு மேல இந்த நாவல்ல என்ன இருக்கு?" களத்தில் இருபது வருசமாக நிற்கிறவர் அவர். வன்முறையை நேரில் பார்த்தவர். அவர் வாயிலிருந்து இந்தச் சொல் வந்தது எனக்குச் சங்கடமாக இருந்தது. அன்று பதில் சொல்லத் தெரியவில்லை. இந்தக் கட்டுரையை அந்தப் பதிலாக எடுத்துக்கொள்ளலாம்.

1

முதலில் கதை. 1833இல் டென்னஸியில் பிறந்த ஒரு பையன். பிரசவத்திலேயே தாய் போய்விடுகிறாள். தகப்பன் வாத்தியார் வேலை பார்த்துக் குடிகாரனாகிப் போனவன். பையனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, பெயரும் கிடையாது. நாவல் முழுக்க அவன் 'பையன்'தான். பதினாலு வயதில் வீட்டை விட்டு ஓடுகிறான். மெக்சிகோவைப் பிடிக்கக் கிளம்பிய ஒரு சட்டவிரோதப் படையில் சேர்கிறான். கொமான்சிகளின் தாக்குதலில் அந்தப் படை அழிகிறது. பையன் சிவாவா நகரச் சிறையில் போய் விழுகிறான். அங்கிருந்து அவனை வெளியே கொண்டுவருவது ஜான் ஜோயல் கிளாண்டனின் கும்பல்.

கிளாண்டன் கற்பனை இல்லை. 1819இல் தென் கரோலினாவில் பிறந்து, டெக்சாஸ் ரேஞ்சராக மெக்சிகோ போரில் சண்டையிட்டு, போர் முடிந்ததும் தலைத்தோல் காண்ட்ராக்டராக மாறிய ஆள். அவனோடு வரும் 'ஜட்ஜ்' ஹோல்டன்தான் நாவலின் மையம். ஏழடி உயரம், உடம்பில் ஒரு மயிர் கிடையாது. பல மொழி பேசுவான், பிடில் வாசிப்பான், நடனமாடுவான், சட்டம் தெரியும், நிலவியல் தெரியும். வழியில் கிடைக்கிற பழம்பொருள்களைத் தன் குறிப்பேட்டில் வரைந்துகொள்வான். வரைந்து முடித்ததும் அந்தப் பொருளை அழித்துவிடுவான். தனக்குத் தெரியாமல் ஒன்று இந்த உலகத்தில் இருப்பதை அவனால் பொறுக்க முடியாது. போர்தான் நிரந்தரம், மனிதனுக்கு முன்பே போர் தன் ஆளுக்காகக் காத்திருந்தது, போரே கடவுள் என்பது அவனுடைய தத்துவம்.

நண்பர் சொன்னதும் இதைத்தான். நாவல் என்ன சொல்கிறது என்று கேட்டால் நாம் திருப்பிச் சொல்வது, அதிலுள்ள மிகப் பெரிய கொலைகாரனின் பேச்சை. இது எப்படி நடந்தது?

2

இந்தக் கும்பல் ஏன் கொல்கிறது என்ற கேள்விக்கு நாவலில் உளவியல் பதில் கிடையாது. யாருடைய மனசுக்குள்ளும் கதைசொல்லி நுழைவதில்லை. கோபமா, பயமா, வெறியா, பழியா? எதுவும் சொல்லப்படுவதில்லை. விமர்சகர்கள் இந்தக் காலியிடத்தைத் தங்கள் வசதிக்கு நிரப்பினார்கள். ஒருவர் வெறுமைவாதம் என்றார். இன்னொருவர் ஞானவாத மரபின் தீய தேவதை என்றார். ஆனால் அந்த இடத்தில் வரலாறு ஒரு காகிதத்தை வைத்திருக்கிறது.

1849 மே 25இல் சிவாவா மாநில சட்டசபை ஒரு சட்டம் நிறைவேற்றியது. 'ஐந்தாம் சட்டம்' என்று பெயர். கொல்லப்பட்ட ஒவ்வொரு பூர்வகுடி வீரனுக்கும் 200 பெசோ. உயிரோடு பிடித்து வந்தால் 250. பெண்ணையோ பதினாலு வயதுக்குக் குறைந்த குழந்தையையோ பிடித்து வந்தால் 150. கொன்றதற்குச் சாட்சி தலைத்தோல். அதிகாரிகள் பார்த்துச் சரி என்றால் பணம்.

இது திடீரென்று முளைத்ததல்ல. பக்கத்திலுள்ள சொனோரா மாநிலம் 1835லேயே அப்பாச்சித் தலைத்தோலுக்கு 100 பெசோ அறிவித்திருந்தது. 1839இல் ஜேம்ஸ் கிர்க்கர் என்பவனோடு சிவாவா ஒப்பந்தம் போட்டது. இன்னும் பின்னால் போனால், 1755இல் மாசசூசெட்ஸ் பிரிட்டிஷ் நிர்வாகம் பெனோப்ஸ்காட் மக்களுக்கு எதிராக வெளியிட்ட அறிவிப்பு: பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட ஆணின் தலைத்தோலுக்கு 40 பவுன், பெண், குழந்தைகளின் தலைத்தோலுக்கு 20 பவுன்.

வட மெக்சிகோ கிராமங்கள் சும்மா பயந்து இந்தச் சட்டத்துக்குப் போகவில்லை என்பதும் உண்மை. 1830, 40களில் கொமான்சி, அப்பாச்சித் தாக்குதல்களில் ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள், ஊர்கள் காலியாயின. ஆனால் அங்கே கொள்ளையடிக்கப்பட்ட குதிரைகளையும் கோவேறு கழுதைகளையும் வாங்கிக்கொண்டு துப்பாக்கி கொடுத்தவர்கள் யார்? வடக்கே இருந்த அமெரிக்க வியாபாரிகள். 1846இல் போர். 1848 பிப்ரவரி 2 ஒப்பந்தத்தோடு, ஏற்கெனவே போய்விட்ட டெக்சாசையும் சேர்த்து, மெக்சிகோவின் ஏறத்தாழ பாதி நிலம் அமெரிக்காவிடம் போயிற்று. எல்லை தாண்டும் தாக்குதல்களைத் தான் தடுப்பதாக அதே ஒப்பந்தத்தின் 11ஆவது பிரிவில் அமெரிக்கா ஒப்புக்கொண்டது. தடுக்கவில்லை. சில வருசத்தில் புதிய நில ஒப்பந்தம் போட்டு அந்தப் பொறுப்பையே கழற்றிவிட்டது. போர் முடிந்து வேலையில்லாமல் திரிந்த சிப்பாய்கள், கலிபோர்னியாவுக்குத் தங்கம் தேடிப் போகிற வழியில் காசு தீர்ந்துபோன ஆட்கள் - இவர்கள்தான் சிவாவாவின் தொழிலாளர்கள்.

ஆம், தொழிலாளர்கள். திருப்பூர்ப் பக்கம் 'பீஸ் ரேட்' என்பார்களே, அதுதான் இது. எத்தனை பீஸ், அத்தனை காசு. பீஸ் ரேட்டுக்கு ஒரு குணம் உண்டு. சரக்கு எங்கிருந்து வந்தது என்று அது கேட்காது. கறுப்பு முடியுள்ள ஒரு தோலைப் பார்த்து அது அப்பாச்சியுடையதா, விவசாயம் பார்த்துக்கொண்டிருந்த வேறு பூர்வகுடியுடையதா, மெக்சிகோ கிராமத்தானுடையதா என்று எந்த அதிகாரியாலும் சொல்ல முடியாது. கிளாண்டன் கும்பல் மேல் வரலாற்றில் எழுந்த குற்றச்சாட்டே இதுதான். கடைசியில் சிவாவா அரசு கிளாண்டனின் தலைக்கே விலை வைக்க வேண்டி வந்தது.

நாவல் இதை மிகத் துல்லியமாகப் பிடித்திருக்கிறது. கும்பல் வேட்டை முடிந்து நகரத்துக்குத் திரும்பும்போது 128 தலைத்தோல்கள், எட்டுத் தலைகள். எண்ணப்படுகின்றன. தங்கம் கொடுக்கப்படுகிறது. ஆளுநர் ட்ரியாஸ் விருந்து வைக்கிறார். பிறகு வெளியே போகிறார்கள். ஆற்றோரம் அமைதியாக முகாமிட்டிருந்த டிகுவா மக்களைக் கொல்கிறார்கள். ஒரு மெக்சிகோ கிராமத்துச் சாராயக் கடையில் கொல்கிறார்கள். மெக்சிகோ சிப்பாய்களைக் கொல்கிறார்கள். எல்லாத் தலைத்தோலையும் அதே நகரத்தில் கொண்டுவந்து விற்கிறார்கள். யாரைக் காப்பாற்றக் கூலி பேசினார்களோ அவர்களையே கொன்று அவர்களிடமே கூலி வாங்குகிறார்கள். இதைத் தனியாள்களின் வெறியை வைத்து விளக்க முடியாது. விலைப்பட்டியலை வைத்து விளக்கிவிடலாம்.

3

அப்படியானால் ஜட்ஜ் எதற்கு? இங்கேதான் ஒரு முக்கியமான தகவல். ஹோல்டன் என்று ஒரு ஆள் இருந்ததற்கு வரலாற்றில் உள்ள ஒரே ஆதாரம் சாமுவேல் சேம்பர்லின் எழுதிய 'என் ஒப்புதல் வாக்குமூலம்'. கிளாண்டன் கும்பலில் இருந்ததாகச் சொல்லும் இந்த மாசசூசெட்ஸ்காரர் 1908இல் இறந்தார். அவர் எழுதியதும் வரைந்ததும் 1956இல்தான் அச்சாயின. அதில் எது நடந்தது, எது அளந்தது என்று பிரிப்பது கஷ்டம். அதில் வருகிற ஹோல்டனும் பெரிய உருவம், முகத்தில் மயிர் இல்லாதவன், படித்தவன், குழந்தைகளுக்குக் கேடு செய்கிறவன். ஆனால் சேம்பர்லின் இன்னொன்றும் சொல்கிறார். அவன் கோழை. ஆயுதமும் பலமும் தன் பக்கம் இருந்தால் சண்டைக்கு நிற்பான், சமமாக எதிரே ஒருத்தன் நின்றால் பின்வாங்குவான்.

வரலாற்றின் கோழை நாவலில் சாகாத தெய்வமாகிவிட்டான். இந்த மாற்றத்தை மெக்கார்த்தியின் பெரும் சாதனை என்று கொண்டாடுகிறார்கள். சாதனைதான், மறுக்கவில்லை. ஆனால் அவன் பேசுகிற இடங்களைக் கொஞ்சம் கவனியுங்கள். ஜட்ஜ் தத்துவம் பேசுவது பெரும்பாலும் இரவில், நெருப்பைச் சுற்றி, பகலில் வேலை முடித்துவிட்டு வந்த ஆட்களிடம். பகலில் செய்தது கூலிக் கொலை. இரவில் அது பிரபஞ்ச விதியாகிறது. பெசோவுக்குச் செய்ததை, மனிதன் தோன்றுவதற்கு முன்பே எழுதி வைத்ததாக மாற்றித் தருகிறான். கேட்கிறவர்களுக்குப் பாதி புரிவதில்லை. ஆனால் தாங்கள் வெறும் கூலிக்காரர்கள் இல்லை என்ற எண்ணம் மட்டும் மிஞ்சியிருக்கும். இதற்குப் பெயர் தத்துவம் அல்ல, கருத்தியல்.

நாவலின் முகப்பிலும் ஒரு பொறி இருக்கிறது. எத்தியோப்பியாவில் கிடைத்த மூன்று லட்சம் வருசப் பழைய மண்டையோட்டில் தலைத்தோல் உரித்த தடயம் இருப்பதாகச் சொல்லும் ஒரு 1982 செய்தித்தாள் துணுக்கை மெக்கார்த்தி முகப்பு வாசகமாக வைத்திருக்கிறார். 'எல்லாக் காலத்திலும் இப்படித்தான்' என்கிறவர்களுக்கு இது நல்ல ஆதாரம். இருக்கட்டும். ஐரோப்பியர் வருவதற்கு முன்பே அமெரிக்கக் கண்டத்தில் சில இனக்குழுக்களிடம் இந்த வழக்கம் இருந்ததற்கு அகழாய்வுச் சான்றும் உண்டு. ஆனால் போரில் ஒரு அடையாளமாக எடுப்பது வேறு, அரசாங்க மேஜையில் எண்ணிப் பார்த்துக் காசு வாங்கும் சரக்காக ஆக்குவது வேறு. முதலாவதற்கு வயது தெரியாது. இரண்டாவதற்குத் தேதி இருக்கிறது, ரேட் இருக்கிறது, கையெழுத்துப் போட்ட ஆள் இருக்கிறார்.

4

பையனிடம் வருவோம். கொலைகளில் அவன் இருக்கிறான், ஆனால் அவன் கொன்றதைக் கதைசொல்லி அதிகம் காட்டுவதில்லை. அவன் செய்கிற சில சின்னக் காரியங்கள்தான் தெரிகின்றன. டேவிட் பிரவுனின் தொடையில் பாய்ந்த அம்பை வேறு யாரும் தொட மறுத்தபோது இவன் எடுத்துவிடுகிறான். கொல்லச் சொல்லி ஒப்படைக்கப்பட்ட காயம்பட்டவனைக் கொல்லாமல் விடுகிறான். பாலைவனத்தில் ஜட்ஜ் துப்பாக்கி எல்லைக்குள் வந்தபோது, சுடு சுடு என்று பக்கத்தில் இருந்த முன்னாள் பாதிரி டோபின் கெஞ்சியும் சுடவில்லை. பிற்பாடு ஜட்ஜ் அவன் மேல் வைக்கும் குற்றச்சாட்டு விசித்திரமானது: எல்லோரும் மனசை முழுசாகக் கொடுத்தபோது நீ மட்டும் ஒரு மூலையில் இரக்கத்தை ஒளித்து வைத்திருந்தாய்.

பல விமர்சகர்கள் இந்த மூலையைப் பிடித்துக்கொண்டு பையனை நாவலின் அறமாக்கிவிட்டார்கள். எனக்கு அதில் தயக்கம் உண்டு. அந்த இரக்கம் யாருக்குக் கிடைத்தது? கும்பலில் இருந்தவர்களுக்கு. ஒரு அப்பாச்சிக் குழந்தையை ஜட்ஜ் மடியில் வைத்துக் கொஞ்சிவிட்டுக் கொன்று தோலை உரிக்கும்போது, டோட்வைன் என்பவன் துப்பாக்கியை ஜட்ஜின் தலையில் வைக்கிறான், பிறகு எடுத்துவிடுகிறான். பையன் அங்கே என்ன செய்தான் என்றே தெரியாது.

அவனுடைய இரக்கம் வெளியே வருவது வருசங்கள் கழித்து. மலையிடுக்கில் கொல்லப்பட்டுக் கிடக்கும் யாத்திரிகர்கள் நடுவே ஒரு கிழவி மண்டியிட்டு உட்கார்ந்திருக்கிறாள். அவளிடம் போய், நான் அமெரிக்கன், நிறைய ஊர் சுற்றிவிட்டேன், உன்னைப் பாதுகாப்பான இடத்துக்குக் கூட்டிப் போகிறேன் என்று பேசுகிறான். கையைத் தொடுகிறான். அவள் செத்து வருசக்கணக்காகிவிட்டது, வெறும் காய்ந்த கூடு. இந்த நாவலில் என்னைப் புத்தகத்தை மூடி வைக்கச் செய்தது கொலைக்காட்சி எதுவும் இல்லை, இந்தப் பக்கம்தான். விலைப்பட்டியல் அமலில் இருந்தபோது பேசாத வாய், அது முடிந்த பிறகு பிணத்திடம் பேசுகிறது. நம்மில் எத்தனை பேருடைய மனசாட்சி இந்த வகை?

5

நடையைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. மெக்கார்த்தி மேற்கோள் குறி போடுவதில்லை. காற்புள்ளி அபூர்வம். ஆங்கில பைபிளில் வருவது போல ஒவ்வொரு செயலையும் 'மேலும்', 'மேலும்' என்று ஒரே சொல்லால் கோத்துக்கொண்டே போகிறார். சுட்டார்கள், இறங்கினார்கள், அறுத்தார்கள், நெருப்பு மூட்டினார்கள், சூரியன் மறைந்தது. எல்லாம் ஒரே எடை. கல்லும் பிணமும் அந்தி வெளிச்சமும் ஒன்றுக்கொன்று பெரிதில்லை என்பது போல. இந்தச் சமன்பாடுதான் வாசகரை 'இயற்கையே இப்படித்தான் போல' என்கிற இடத்துக்கு நகர்த்துகிறது. அதாவது, கதைசொல்லியின் வாக்கியம் ஜட்ஜின் தத்துவத்துக்குப் பக்கத்தில் போய் நின்றுவிடுகிறது.

ஒரு பக்கத்தைத் தமிழில் கொண்டுவர உட்கார்ந்து பார்த்தேன். வரவில்லை. நம் மொழியில் தொடர் செயல் என்றால் வினையெச்சம்தான். 'சுட்டுவிட்டு இறங்கி அறுத்தெடுத்துக்கொண்டு ஏறிப் போனார்கள்.' தனித்தனி வினைமுற்றாக உடைத்து வைத்தால் தந்தி மாதிரி இருக்கிறது, எச்சமாகக் கோத்தால் மூலத்தின் கம்பீரம் போய்விடுகிறது. ஆனால் கோத்துப் படித்தபோது ஒன்று புரிந்தது. அது கதிரறுப்பை, மீன் சுத்தம் செய்வதைச் சொல்கிற வாக்கியம் போல ஆகிவிட்டது. ஒன்றை முடித்துவிட்டு அடுத்தது, அதை முடித்துவிட்டு அதற்கடுத்தது, கடைசியில் கூலி. மொழிபெயர்ப்பாகத் தோல்விதான். வாசிப்பாக எனக்கு உதவியது. ஆங்கிலத்தில் பிரபஞ்சமாகத் தெரிந்தது தமிழில் வேலையாகத் தெரிந்தது.

6

கடைசியாக ஆறு. கொலராடோ ஆற்றின் யூமா துறையில், லிங்கன் என்ற டாக்டர் நடத்திவந்த படகுத் துறையில் கிளாண்டன் கும்பல் வலுக்கட்டாயமாகப் பங்காளியாகிறது. தங்கம் தேடிப் போகும் கூட்டத்திடம் கொள்ளைக் கட்டணம். ஆற்றங்கரை மக்களான யூமாக்கள் (கெச்சான் என்பது அவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர்) கீழே வேறொரு படகு விட்டுப் பிழைக்கிறார்கள். கும்பல் அதை அழித்ததாகவும், அவர்கள் தலைவரைக் கிளாண்டன் அடித்து அவமானப்படுத்தியதாகவும் அக்காலச் சாட்சியங்கள் சொல்கின்றன. 1850 ஏப்ரல் 23 அன்று கெச்சான்கள் திருப்பித் தாக்குகிறார்கள். கிளாண்டனும் கூட்டாளிகளில் பெரும்பாலோரும் செத்தார்கள்.

இந்தக் கதையில் தெளிவான நோக்கத்தோடு ஆயுதம் எடுத்தவர்கள் இவர்கள் மட்டும்தான். ஆறும் துறையும் அவர்களுடைய பிழைப்பு. நாவலில் அந்தப் படகு ஒன்றிரண்டு வாக்கியத்தில் வந்து போகிறது. கும்பலின் துரோகம் விரிவாக இருக்கிறது, கெச்சான்களின் பிழைப்பு இல்லை. அவர்கள் தலைவர்கள் கண்ட கண்ட உடுப்பை மாட்டிக்கொண்டு வேடிக்கைப் பொருளாக நிற்கிறார்கள். முன்னூற்றுச் சொச்சம் பக்கத்தில் ஜட்ஜுக்குக் கிடைத்த பேச்சில் நூறில் ஒரு பங்குகூட எந்தப் பூர்வகுடிக்கும் கிடைக்கவில்லை. கத்தியைக் கை மாற்றிய மெக்கார்த்தி வாயைக் கை மாற்றவில்லை. 2023 ஜூன் 13இல் அவர் மறைந்தபோது வந்த அஞ்சலிக் குறிப்புகளில் நான் படித்தவற்றில் இது பேசப்படவில்லை.

கிளாண்டன் செத்ததோடு கணக்கு முடியவில்லை. கலிபோர்னிய ஆளுநர் பீட்டர் பர்னெட் கெச்சான்களைத் தண்டிக்கப் படை அனுப்பினார். அதே ஆண்டு அங்கே ராணுவ முகாம் வந்தது. 1851 ஜனவரியில் அதே பர்னெட், பூர்வகுடி இனம் அழியும் வரை போர் தொடரும் என்று எதிர்பார்க்க வேண்டியதுதான் என்று சட்டசபையிலேயே அறிக்கை வைத்தார். அங்கே நடந்தது இனப்படுகொலை என்று ஒரு கலிபோர்னிய ஆளுநர் சொல்லி மன்னிப்புக் கேட்க 2019 ஆயிற்று.

நாவல் 1878இல், ஒரு டெக்சாஸ் விடுதியில், ஜட்ஜ் நிர்வாணமாக ஆடிக்கொண்டு, தான் தூங்குவதில்லை, சாகப்போவதும் இல்லை என்று சொல்வதோடு முடிகிறது. அதற்கு இரண்டு வருசம் கழித்து, 1880 அக்டோபரில், ட்ரெஸ் காஸ்டியோஸ் மலையில் அப்பாச்சித் தலைவர் விக்டோரியோவும் அவர் மக்களும் கொல்லப்பட்டபோதும் சிவாவா தலைத்தோலுக்குப் பணம் கொடுத்தது. அதுவரை சாகாமல் இருந்தது ஜட்ஜ் அல்ல, அந்த விலைப்பட்டியல். பிறகு அதுவும் ஒருநாள் நின்றது.

நண்பருக்கு நான் சொல்ல விரும்புவது இவ்வளவுதான். மனுசன் இப்படித்தான் என்றால் செய்வதற்கு ஒன்றுமில்லை, நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து ஜட்ஜ் பேசுவதைக் கேட்கலாம். ஒரு சட்டம், ஒரு தேதி, ஒரு ரேட் என்றால் அதை எழுதியவன் யார், பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம், நிறுத்தவும் செய்யலாம். அடுத்த முறை எங்கேயாவது ஒரு தலைக்கு விலை சொல்லப்படும்போது, கொன்றவனின் மனசுக்குள் என்ன இருந்தது என்று தேடுவதற்கு முன்னால் அந்தக் காகிதத்தைத் தேடுவோம். யூமா துறையில் ராணுவ முகாம் இருந்த இடம் 1884இல் கைமாறி கெச்சான் ஒதுக்கிடமாயிற்று. இனம் அழியும் வரை என்று ஆளுநர் எழுதி வைத்த அந்த மக்கள் இன்றும் அதே ஆற்றங்கரையில் இருக்கிறார்கள்.